தொலைவை விதித்த ஆணைகள்: துருகான்ஸ்க் மாவட்டத்தின் நானூறு ஆண்டுகள்

சைபீரியாவின் நடுவே தெற்கிலிருந்து வடக்காக ஓடி ஆர்க்டிக் கடலில் கலக்கும் யெனிசேய் ஆற்றின் இரு கரையிலும் துருகான்ஸ்க் மாவட்டம் பரந்து கிடக்கிறது. ரஷ்யாவின் கிராஸ்நோயார்ஸ்க் மாகாணத்தைச் சேர்ந்த அதன் பரப்பு ஏறத்தாழ 2,11,000 சதுர கி.மீ. அங்கே வாழ்பவர்களோ 20,000 பேருக்கும் குறைவு. மாவட்டத் தலைமையிடமான துருகான்ஸ்க் ஒரு கிராமம்தான். மாகாணத் தலைநகரிலிருந்து ஆற்றுவழியே போனால் அது ஏறக்குறைய 1,500 கி.மீ. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சாலை அந்த ஊருக்குக் கிடையாது, ரயிலும் கிடையாது. கோடையில் கப்பலும் படகும், மற்ற மாதங்களில் விமானமும் ஹெலிகாப்டரும்தான் வழி. இப்படிப்பட்ட இடத்தைப் பற்றிப் பேசும்போது, 'உலகத்தின் ஒரு கோடி' என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவது வழக்கம். குளிரும் பனியும் தூரமும் சேர்ந்து இயற்கையே அந்த ஊரை ஒதுக்கி வைத்துவிட்டது என்பது அந்தப் பேச்சின் உட்பொருள். அதை நான் ஏற்கவில்லை. எந்த வழி திறந்திருக்கலாம், எது மூடப்பட வேண்டும், அலுவலகம் எந்த ஊரில் இருக்க வேண்டும், எல்லைக்கோடு எங்கே விழ வேண்டும் என்று நானூறு ஆண்டுகளாக அரசு எடுத்துவந்த முடிவுகளுக்குத் துருகான்ஸ்கின் தொலைவில் பெரும்பங்கு உண்டு. இதற்கான சான்றுகளை உங்கள் முன் வைப்பதும், எழக்கூடிய மறுப்புகளுக்கு விடை சொல்வதும்தான் இந்த உரையின் நோக்கம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். யெனிசேய்க்கு மேற்கே இருப்பது சதுப்பும் காடும் நிறைந்த மேற்குச் சைபீரியச் சமவெளி. கிழக்கே நிலம் உயர்ந்து மத்திய சைபீரியப் பீடபூமியாகிறது. பீடபூமியிலிருந்து பாறைத் துங்குஸ்கா, கீழ்த் துங்குஸ்கா, குரேய்கா ஆகிய ஆறுகள் இறங்கி வருகின்றன. சமவெளிப் பக்கமிருந்து எலொகுய், துருகான் ஆறுகள் வந்து சேர்கின்றன. ஏறத்தாழ 3,000 கி.மீ. நீளமுள்ள கீழ்த் துங்குஸ்கா ஓரிடத்தில் லேனா ஆற்றுக்கு மிக அருகே வருகிறது. மேற்கே துருகான் ஆற்றில் ஏறி, குறுகிய தரைவழியே படகை இழுத்துப்போனால் தாஸ் ஆற்றில் இறக்கலாம். தாஸ், ஓப் வளைகுடாவோடு தொடர்புடையது. சாலையே இல்லாத ஒரு கண்டத்தில் இந்த நீர்வழிகளின் மதிப்பை எண்ணிப் பாருங்கள். கிழக்கே லேனா, மேற்கே ஓப், வடக்கே ஆர்க்டிக் கடல், தெற்கே ஸ்தெப்பி நிலங்கள் என நான்கு திசைக்கும் நீர்வழி கிளம்பும் சந்திப்பில் துருகான்ஸ்க் இருக்கிறது. குளிர்காலத்தில் ஆறு உறைந்தாலும் வழி அடைபடுவதில்லை. உறைந்த ஆற்றின் மேல் கலைமான் வண்டியும் நாய் வண்டியும் போயின. இன்று பனிச்சறுக்கு மோட்டார் போகிறது. உண்மையில் ஆறு உறையத் தொடங்கும் சில வாரங்களும் பனி உடையும் சில வாரங்களுமே வழி அற்றவை. இயற்கை அமைப்பை மட்டும் வைத்துச் சொல்வதானால் அது நாற்சந்தி.

வரலாற்றின் முதல் அத்தியாயமும் இதற்குச் சான்று. 1600-இல் மிரோன் ஷகோவ்ஸ்கோய், தனிலா கிரிபுனோவ் ஆகியோர் தலைமையில் மாஸ்கோ அனுப்பிய படை தாஸ் ஆற்றங்கரைக்குப் புறப்பட்டது. அடுத்த ஆண்டு அங்கே எழுந்த மரக்கோட்டைதான் மங்கசேயா. துருகான்ஸ்க் நிர்வாகத்தின் தாய் ஊர் அது. அரசுப் படை வருவதற்கு முன்பே வெண்கடல் கரையின் பொமோர் மக்கள் அந்தப் பகுதிக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். 'கோச்' எனப்படும், அடிப்பாகம் உருண்ட மரக்கலங்களில் கரையை ஒட்டியே வந்து, யமால் தீபகற்பத்தின் குறுக்கே சிற்றாறுகள் வழியாகவும் தரைவழி இழுத்தும் ஓப் வளைகுடாவை அடைந்து, அங்கிருந்து தாஸ் ஆற்றுக்குள் நுழைவார்கள். தானியம், இரும்புப் பொருள், துணி எல்லாம் இப்படி வந்தன. சேபிள் என்ற மென்மயிர் விலங்கின் தோல்கள் திரும்பிப் போயின. ஆய்வாளர் மிஹயில் பெலோவ் தலைமையில் 1968 முதல் 1970 வரையிலும், பிறகு 1973-இலும் மங்கசேயாவில் நடந்த அகழாய்வில் கிடைத்த ஒரு பலகையில், 17ஆம் நூற்றாண்டு ஊர்க்காரர் ஒருவர் கத்திமுனையால் கீறிய கோச் கலங்களின் உருவங்கள் இருக்கின்றன. பாய்மரமும் கயிறும் தெளிவாகத் தெரிகின்றன. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஓர் ஊரில், ஆற்றோடு வாழ்ந்த ஒருவருக்குக் கடற்கலம் அவ்வளவு பழகிய காட்சியாக இருந்திருக்கிறது.

இந்த வழியைக் கடலோ பனியோ மூடவில்லை. மூடியது ஆணை. மேற்குச் சைபீரிய நகரான தொபோல்ஸ்கின் ஆளுநர் இவான் குராகின் 1616-இல் மாஸ்கோவுக்கு எச்சரிக்கை எழுதினார்: இந்தக் கடல்வழியை வெளிநாட்டு வணிகர்கள் தெரிந்துகொண்டால் அவர்கள் நேரே சைபீரியாவுக்குள் வந்துவிடுவார்கள். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் வடகிழக்குப் பாதை தேடி அலைந்த காலம் அது. 1596-97 குளிர்காலத்தை வில்லெம் பாரென்ட்ஸ் நோவயா செம்லியா தீவில் பனிக்கு நடுவே கழித்திருந்தார். ஆகவே அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அதோடு வருமானக் கணக்கும் இருந்தது. கடல்வழியே போன தோல், உள்நாட்டுச் சுங்கச் சாவடிகளைத் தொடாமல் போயிற்று. தொபோல்ஸ்க் வழியாகப் போனால் சாவடிகளில் அரசுக்கு வரி வரும். 1619-ஐ ஒட்டி வந்த தடை, கடல்வழியே செல்வோருக்கு மரண தண்டனை என்று மிரட்டியது. யமாலின் குறுக்குவழியில் காவல் நிறுத்தப்பட்டது. கடல் திசையில் கதவு அடைபட்ட பிறகு மங்கசேயாவுக்கு எஞ்சியது, தொபோல்ஸ்கிலிருந்து ஓப் வளைகுடாவின் புயல்களைக் கடந்து வரும் நீண்ட, ஆபத்தான வழி ஒன்றுதான். நாற்சந்தியாக இருந்த ஊரைத் தெருக்கோடியாக்கியது அந்த ஒரு முடிவு.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது. மங்கசேயா வீழ்ந்ததற்குத் தடையைக் காரணம் காட்டுவது எதற்கு? அளவுக்கு மீறிய வேட்டையால் தாஸ் படுகையில் சேபிள் தீர்ந்துபோனது. 1642-இல் ஊர் தீப்பற்றியது. கலங்கள் வழியில் சிதைந்து தானியம் வராமல் பஞ்சம் வந்தது. 1630-களின் தொடக்கத்தில் ஒரே ஊருக்கு அனுப்பப்பட்ட இரண்டு ஆளுநர்கள், கோகோரெவும் பலீத்சினும், ஒருவரோடொருவர் போரிட்டு, கோட்டையிலிருந்து வணிகர் குடியிருப்பு மீதே பீரங்கி சுட்ட கொடுமையும் நடந்தது. இவை எல்லாம் உண்மை. சேபிள் குறைந்ததால் வேட்டைக்காரர்கள் கிழக்கே நகர்ந்தார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். தடை வந்தபோது தோல் வணிகம் செழித்துக்கொண்டுதான் இருந்தது. தானியப் பஞ்சத்துக்குக் காரணமான கலச்சேதங்கள், வேறு வழி இல்லாமல் ஓப் வளைகுடா ஒன்றையே நம்பிய பிறகு வந்தவை. சேபிள் தீர்ந்ததால் வேட்டைமுகாம் காலியாகலாம். வணிகச் சந்திப்பு ஒன்று காலியாக வேண்டுமானால் அதன் வழிகள் அடைபட வேண்டும். 1672-இல் மங்கசேயா கைவிடப்பட்டது. நிர்வாகம், 1607 முதல் துருகான் ஆற்றுமுகத்தில் இருந்துவந்த குளிர்கால முகாமுக்கு மாற்றப்பட்டு, புதிய மங்கசேயா என்று பெயர் பெற்றது. அதுவே பிறகு துருகான்ஸ்க் ஆனது. மங்கசேயாவின் இடிபாடுகள் இன்று இந்த மாவட்டத்திலேயே இல்லை. யமால்-நேனெத்ஸ் தன்னாட்சிப் பகுதியில் இருக்கின்றன.

புதிய ஊர் சிலகாலம் நன்றாகவே வாழ்ந்தது. கீழ்த் துங்குஸ்கா வழியே லேனாவுக்குச் சென்ற வேட்டைக்காரர்களும் படைவீரர்களும் இங்கிருந்துதான் கிளம்பினார்கள். கோடையில் கூடிய துருகான்ஸ்க் சந்தை பெயர்பெற்றது. 1660-இல் கீழ்த் துங்குஸ்காவின் முகத்தில் திரித்துவ மடம் ஒன்று எழுந்து, அதைச் சுற்றி மொனஸ்தீர்ஸ்கோயே என்ற கிராமம் வளர்ந்தது. பின்னர் கிழக்குப் போக்குவரத்து தெற்கே உள்ள வழிகளுக்கு மாறியது. 18ஆம் நூற்றாண்டில் மாஸ்கோ நெடுஞ்சாலை உருவானதும் சைபீரியாவின் வாழ்வே தெற்கு நோக்கித் திரும்பியது. 1822-இல் ஜார் அரசின் உயரதிகாரி ஸ்பெரான்ஸ்கியின் சீர்திருத்தம் யெனிசேய்ஸ்க் மாகாணத்தை உருவாக்கியபோது துருகான்ஸ்க் மாவட்டத் தலைநகர் என்ற தகுதியை இழந்தது. அதே சீர்திருத்தம் பழங்குடிகளை நிலைகுடி, நாடோடி, அலைகுடி என மூன்றாகப் பிரித்து, யாசக் என்ற தோல்வரியை அந்தப் பிரிவின்படி வசூலித்தது. ஆற்றின் கீழ்ப்பகுதி முழுவதும், கடல்வரை, 'துருகான்ஸ்க் நாடு' என்ற பெயரில் ஒரு தனி நிர்வாக வட்டாரமாக, மிகச் சில அதிகாரிகளின் கையில் விடப்பட்டது. பள்ளியோ மருத்துவமோ பெரிதாக இல்லை. வரி மட்டும் ஒழுங்காகச் சென்றது.

என் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று ஒரே ஆற்றுமுகத்தில் கிடைக்கிறது. குரேய்கா ஆறு யெனிசேயில் சேரும் இடம் ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகில் இருக்கிறது. 1875-இல் துருவ ஆய்வாளர் நோர்டென்ஷோல்ட் ஐரோப்பாவிலிருந்து காரா கடல் வழியாக யெனிசேயின் முகத்தை அடைந்தார். 1876-இல் ஜோசப் விகின்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் 'தேம்ஸ்' என்ற நீராவிக் கப்பலோடு ஆற்றில் ஏறி, குளிர்காலத்துக்குக் கப்பலைக் குரேய்கா முகத்தில் நிறுத்திவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு, பறவை ஆய்வாளர் ஹென்றி சீபோம் அவரோடு சேர்ந்து தரைவழியே அங்கு வந்து, பனி உடைவதை நாள்தோறும் குறித்து வைத்தார். பனிப்பாளங்கள் கப்பலைத் தூக்கிக் கரையில் ஏற்றின. பிறகு ஆற்றில் இறங்கியும் தரைதட்டி, அது ஊர் திரும்பவே இல்லை. ஆனால் வழி இருக்கிறது என்பது உறுதியாயிற்று. 1913-இல் நோர்வே வணிகர் யோனாஸ் லீட் அழைப்பின் பேரில் துருவ ஆய்வாளர் நான்சென் 'கரெக்ட்' என்ற கப்பலில் அதே கடலைக் கடந்து யெனிசேய்க்கு வந்தார். அதே 1913-இல்தான் ஜார் அரசு ஸ்டாலினைத் துருகான்ஸ்க் நாட்டுக்கு நாடுகடத்தி, 1914 மார்ச்சில் குரேய்காவில் கொண்டுபோய் வைத்தது. மற்றொரு போல்ஷெவிக் தலைவரான ஸ்வெர்த்லோவும் சில மாதம் அங்கே இருந்தார். 1915-இல் தூமா அவையின் போல்ஷெவிக் உறுப்பினர்கள் ஐவரும் இதே பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். லண்டன் நதியின் பெயர் தாங்கிய கப்பல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்து நின்ற கரையை, யாரும் வரமுடியாத, போகமுடியாத இடம் என்று நம்பித்தான் அரசு தேர்ந்தெடுத்தது. அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலித்தது. காரணம், வழியைத் திறந்து வைக்க அரசு விரும்பவில்லை. வட ஆற்றுமுகங்களுக்குக் கொடுக்கப்பட்ட சுங்க விலக்கு சில ஆண்டுகளில் நீக்கப்பட்டது. உள்நாட்டு வணிகர் நலன் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 17ஆம் நூற்றாண்டின் சுங்கச் சாவடிக் கணக்கு வேறு உடையில் மீண்டும் வந்தது என்றே நான் கொள்கிறேன்.

இதற்கு இரண்டாவது மறுப்பு: சோவியத் அரசு இந்தத் தொலைவைக் குறைக்க எவ்வளவோ செலவு செய்ததே? செய்தது உண்மைதான். 1929-இல் இகார்கா என்ற துறைமுகம் உறைநிலத்தின் மேல் எழுந்து, 1931-இல் நகரத் தகுதி பெற்றது. யெனிசேயில் மிதந்து வந்த மரத்தை அறுத்து, கோடையில் வரும் வெளிநாட்டுக் கப்பல்களில் ஏற்றினார்கள். மரத்தூண் நிற்குமா, கட்டடம் சாயுமா என்று ஆராய நிலையுறைபனி ஆய்வு நிலையமும், நிலத்துக்கடியில் குடைந்த ஆய்வுக்கூடமும் அமைந்தன. அந்த ஆய்வுக்கூடம் இன்று அருங்காட்சியகம். ஆனால் அந்த நகரைக் கட்டியவர்களில் பெரும்பகுதியினர், நிலம் பறிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்ட விவசாயக் குடும்பங்கள். எழுத்தாளர் விக்தர் அஸ்தாஃபியெவின் சிறுவயது அந்நகரின் அனாதை இல்லத்தில் கழிந்தது. அடுத்து ரயில். 1947-இல் தொடங்கி, 1949-இல் இகார்காவை நோக்கித் திருப்பப்பட்ட வடக்குப் பாதையின் கிழக்குப் பகுதிக்கு '503ஆம் கட்டுமானம்' என்று பெயர். அதன் தலைமையிடம் இந்த மாவட்டத்தின் யெர்மாகோவோ. பல்லாயிரம் கைதிகள் சதுப்பில் மண் கொட்டித் தண்டவாளம் பதித்தார்கள். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்த சில வாரங்களில் வேலை நிறுத்தப்பட்டது. பாதியளவு முடிந்திருந்த பாதை கைவிடப்பட்டது. ரயில் எஞ்சின்களைக்கூட அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். யெர்மாகோவோ காலியானது. இகார்காவில் 1989-இல் 18,000 பேருக்கு மேல் இருந்தார்கள். மர ஏற்றுமதி சரிந்தபின் 2010-இல் 6,000 அளவே. இவற்றிலிருந்து எனக்குத் தெரிவது இது: அரசு நெருக்கத்தைக் கொண்டுவந்தபோதெல்லாம் அது மரத்துக்காகவோ தாதுவுக்காகவோ வந்தது. அங்கேயே பிறந்து வாழ்ந்தவர்களின் தேவை அந்தத் திட்டங்களின் அடிப்படையாக இருந்ததில்லை. அதனால்தான் பண்டம் ஓய்ந்ததும் தொலைவு திரும்பி வந்தது.

எல்லைக்கோடுகளும் இதையே சொல்கின்றன. 1930 டிசம்பர் 10-இல் தைமிர், எவெங்கி என்ற இரண்டு தேசிய வட்டாரங்கள் அமைக்கப்பட்டன. பழைய துருகான்ஸ்க் நாட்டின் பெரும்பரப்பு அவற்றுக்குப் போயிற்று. அவற்றின் தலைமையிடங்களான தூதின்காவிலும் தூராவிலும் மக்களுக்கு அருகே அலுவலகங்கள் வந்ததை நான் நல்ல காரியமாகவே மதிக்கிறேன். தொலைவு ஆணையால் குறையவும் முடியும் என்பதற்கு அதுவே சான்று. துருகான்ஸ்குக்கு மிஞ்சியது ஆற்றை ஒட்டிய நீண்ட பட்டை நிலம். நடு யெனிசேயின் தொல்குடிகளான கேத் மக்களுக்கு வட்டாரம் எதுவும் கிடைக்கவில்லை. யெனிசேய மொழிக்குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது அவர்கள் மொழி ஒன்றே. 2010 கணக்கெடுப்பில் அவர்கள் 1,219 பேர். அவர்களில் மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் மிகச் சிலர், பெரும்பாலும் முதியவர்கள். எலொகுய் ஆற்றங்கரைக் கெல்லோக் அவர்களின் பெரிய ஊர். சிறு குடியிருப்புகளைக் கலைத்து ஓரிடத்தில் சேர்த்த சோவியத் கொள்கையும், பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்பிய ஏற்பாடும் அந்த மொழியின் மீது விழுந்த அடி. 2005 ஏப்ரல் 17-இல் நடந்த பொதுவாக்கெடுப்பின்படி, 2007 ஜனவரி 1 முதல் தைமிரும் எவெங்கியும் தன்னாட்சி இழந்து கிராஸ்நோயார்ஸ்க் மாகாணத்தின் சாதாரண மாவட்டங்கள் ஆயின. முடிவெடுக்கும் இடம் மறுபடி தெற்கே போனது.

மூன்றாவது மறுப்பு பொருளாதாரத்திலிருந்து வருவது. ஒரு சிற்றூருக்கு நூறு பேர். அவர்களுக்காகச் சாலையும் விமானமும் எந்த அரசாலும் கட்டுப்படியாகாது என்பார்கள். செலவு பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும் இதே மாவட்டத்தின் வடக்கில், இகார்காவிலிருந்து ஏறத்தாழ 140 கி.மீ. தூரத்தில், வன்கோர் எண்ணெய் வயல் 2009-இல் இயங்கத் தொடங்கியது. அதன் எண்ணெய் யெனிசேய் பக்கம் வருவதே இல்லை. 556 கி.மீ. குழாய்வழியே மேற்கே பூர்பே வரை போகிறது. பழைய மங்கசேயா இருந்த திசை அது. நிரந்தர உறைநிலத்தில், ஆறுகளின் குறுக்கே, ஆண்டு முழுவதும் இயங்கும் வழி அமைக்க முடியும் என்பதை அந்தக் குழாயே காட்டிவிட்டது. தொழிலாளர்கள் முறைவைத்து விமானத்தில் வந்து போகிறார்கள். இகார்காவின் விமான நிலையமோ ஆற்றுத் தீவில் இருக்கிறது. பனி உடையும் நாட்களில் நகரத்தவர் இடையிலுள்ள ஆற்றுக்கிளையைக் கடப்பதே பெரும்பாடு. குரேய்கா நீர்மின் நிலையமும் இந்த மாவட்டத்தில்தான், ஸ்வெத்லோகோர்ஸ்கில் இருக்கிறது. அதன் மின்சாரம் பெரும்பாலும் நொரில்ஸ்கின் உலோக ஆலைகளுக்குப் போகிறது. யெனிசேய்க்கரைச் சிற்றூர்கள் பல டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கின்றன. மாவட்டத்தில் கிடைக்கும் வளத்துக்கு முன்னால் கட்டுப்படியாகாத செலவு என்று எதுவும் சொல்லப்படுவதில்லை. குடிமக்களின் தேவை என்று வரும்போது மட்டும் அந்தக் கணக்கு எழுகிறது.

இன்று அங்கே வாழ்வின் அச்சாக இருப்பது 'வடக்குச் சரக்கு' என்று அழைக்கப்படும் கோடைக்கால வினியோகம். ஜூன் தொடக்கத்தில் கீழ்த் துங்குஸ்காவில் வெள்ளம் ஏறி நிற்கும் சில வாரங்கள்தான் பெரிய படகுகள் பாறைத்தடங்களைத் தாண்ட முடியும். துருகான்ஸ்க் அருகே காத்திருக்கும் இழுவைப் படகுகளும் எண்ணெய்ப் பார்ஜுகளும் ஒரு வரிசையாக மேலேறித் தூராவரை போய், நீர் இறங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஆண்டு முழுவதற்குமான டீசல், மாவு, மருந்து எல்லாம் அந்த வாரங்களில் போயாக வேண்டும். தவறினால் விமானம்தான், விலையோ பலமடங்கு. இதை நீண்டகாலம் மாகாண அரசுகளும் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஆண்டு சமாளித்து வந்தன. வடக்குச் சரக்குக்கென்று தனியான கூட்டரசுச் சட்டம் 2023-இல்தான் நிறைவேறி, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பொருள் போய்ச் சேர்வதை அரசின் சட்டப்படியான கடமையாக அது ஆக்குகிறது. அந்த அளவில் நானூறு ஆண்டு வழக்கத்திலிருந்து விலகிய முதல் அடி என்று அதை வரவேற்கிறேன். ஆனால் எத்தனை டன் ஏற்றப்பட்டது என்று மட்டும் கேட்டு இந்தச் சட்டத்துக்கு மதிப்பெண் போடக் கூடாது. பனி உடையும் வாரத்தில் கெல்லோக்கில் ஒரு நோயாளியைத் துருகான்ஸ்க் மருத்துவமனைக்குக் கொண்டுவர எத்தனை நாள் ஆகிறது, டீசலின் விலை ஆற்றங்கரைக் குடும்பத்துக்கு எவ்வளவு, படகு வரிசையின் தேதியைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் துருகான்ஸ்கின் சொல் எடுபடுகிறதா என்று கேட்க வேண்டும். புவியியலும் வரலாறும் படிக்கும் மாணவர்கள் இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தைத் தொடர்ந்து கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.